கையை எடுத்தால் நிற்கும் ரயில்

வந்தவர் மர ரயிலின் சக்கரத்தைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார்.

"சார், வாங்கிட்டுக் கடிங்க," என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்தார். கடைக்குள் நுழைந்ததிலிருந்தே அப்படித்தான். கதவு காலில் இடித்தபோது சிரித்தார். மேல்தட்டிலிருந்து ஒரு கரடி பொம்மை தலையில் விழுந்தபோதும் சிரித்தார். லாட்டரி அடித்தவர் மாதிரி முகம்.

அவர் தலை நரைத்த ரயில் ஓட்டுநர். உடுப்பைக்கூட மாற்றாமல் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். நிஜ ரயிலை ஓட்டி அலுத்தவருக்கு வாங்குவதற்கும் ரயில்தானா கிடைத்தது என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். எனக்குச் சாப்பாட்டு நேரம். பேச்சை வளர்த்தால் பசியும் வளரும்.

"எதை வேணா குடும்மா. உடைய மட்டும் கூடாது."

எங்கள் முதலாளி கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். பொம்மை உடைந்தால்தானே அடுத்த பொம்மை விற்கும்!

குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டேன். யோசித்தார். பிறகு இடுப்புக்குக் கீழே கையை வைத்து உயரம் காட்டினார். "இவ்வளவு இருப்பான். மூணு இருக்குமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பேரனின் வயது தெரியாத தாத்தாக்கள் எனக்குப் புதிதில்லை. பெற்ற பிள்ளையின் வயதைக் கேட்டாலே மனைவிக்குப் போன் போடும் அப்பாக்களைப் பார்த்தவள் நான்.

பேட்டரி ரயில் ஒன்றை எடுத்துக் காட்டினேன். பொத்தானை அழுத்தியதும் கூவிக்கொண்டே ஓடியது. மேசை விளிம்புக்கு வந்தும் நிற்காமல் கீழே போய் விழுந்தது.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்போதுதான் முதல்முறையாகக் காணாமல் போனது.

"இது வேணாம். கையை எடுத்தா நின்னுடணும்."

அப்படியானால் மர ரயில்தான். மூன்று வகை இருந்தன. முதலாவதில் தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் முனை பிளாஸ்டிக். கட்டைவிரலால் அழுத்தினார், படக்கென்று ஒடிந்தது. இரண்டாவதில் பெட்டிகளைச் சேர்க்கும் காந்தத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அது ஆடியது. "முழுங்கிடுவான்," என்று தள்ளி வைத்தார்.

மூன்றாவதில் இஞ்சின் ஒரே கட்டையில் கடைந்தது. அச்சு இரும்பு. காந்தம் மரத்துக்குள்ளேயே புதைந்திருந்தது. கடித்துப் பார்த்தது இதைத்தான். பிறகு மேசை உயரத்திலிருந்து கீழே போட்டார். எடுத்து மறுபடியும் போட்டார். ஒரு கீறல்கூட விழவில்லை.

அத்துடன் விட்டாரா? தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து தண்டவாளத்தை முழுக்கக் கோத்தார். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவினார். பிறகு ரயிலைக் கையால் தள்ளிக்கொண்டு போனார். வளைவு தாண்டியதும் கை நின்றுவிட்டது.

நின்ற ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிதாக மூச்சு விட்டார்.

"நின்னுடுச்சு," என்றார், பக்கத்தில் யாரோ இருப்பதுபோல.

கட்டை ரயில் நிற்காமல் பறக்கவா செய்யும் என்று மனதுக்குள் நொடித்துக்கொண்டேன்.

ஒருவழியாகப் பெட்டியில் போட்டு வண்ணத்தாளை வெட்டினேன். அதில் வாழ்த்து எழுத வேண்டுமே. "பேரனுக்குப் பிறந்தநாளா சார்?"

"பேரன் இல்லம்மா. யாரு பெத்த பிள்ளையோ."

கத்தரிக்கோல் என் கையிலேயே நின்றது.

"காலைல வளைவு தாண்டுறேன், தண்டவாளத்து நடுவுல நிக்கிறான். ஹாரனை ஊதிக்கிட்டே பிரேக்கைப் போட்டுட்டேன். ஆனா அவ்வளவு பெரிய வண்டி உடனே நிக்குமா? கிட்டப் போகப் போக இஞ்சின் மூக்குக்குக் கீழ மறைஞ்சுட்டான். அதுக்கப்புறம்தான் நின்னுச்சு. இறங்கி ஓடிப் பார்த்தா, அண்ணாந்து பார்த்துக் கைதட்டிக்கிட்டு இருக்கான். இன்னொரு தடவை ஊதச் சொல்றான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. பசி போன இடம் தெரியவில்லை.

"அந்தப் பிள்ளைக்குப் போய் ரயிலா சார்?"

"வேற என்னத்தைக் குடுத்து அவனை வீட்டுல உட்கார வைக்கிறது? வீடு தண்டவாளத்தை ஒட்டியே இருக்கு. வண்டி சத்தம் கேட்டாப் போதும், தாழ்ப்பாளைத் திறந்துக்கிட்டு ஓடி வந்துடுறானாம். அவங்க அம்மா சொல்லி அழுதாங்க."

பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"நெசமாவே உடையாதுல்ல?"

இத்தனை வருடத்தில் எந்தப் பொம்மைக்கும் நான் வாக்குக் கொடுத்ததில்லை.

"உடையாது சார்."

"அப்ப சரி," என்றார். "நாளைக்கும் நான் அந்த வழியாத்தான் போகணும்."