ரிப்பேர் பார்த்து வந்த மெஷின்

கோடு இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. தூக்கிக்கொண்டு நின்றது.

அவள் ஈசிஜி காகிதத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு டாக்டராக வந்து இன்னும் ஊரே பழகவில்லை. அதற்காகப் படித்தது மறந்துபோகுமா?

இது மாரடைப்பு.

ஆனால் ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே. கோமதிநாயகம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சில் லேசாக அடைக்கிறதாம், அவ்வளவுதான். வருகிற வழியில் ஒரு சோடாவும் குடித்தாயிற்று.

"வாய்வும்மா," என்றார்.

மெஷின் நேற்றுத்தான் ரிப்பேர் முடிந்து வந்திருந்தது. அதன்மேல் அங்கே யாருக்கும் நம்பிக்கை இல்லை.

அதற்கு நர்ஸ் எஸ்தரிடம் ஒரு வழி இருந்தது. சந்தேகம் வந்தால், நல்லா இருக்கிற ஆள் ஒருவரைப் படுக்கவைத்து எடுத்துப் பார்த்துவிடுவது. அந்த ஆஸ்பத்திரியில் ரொம்ப நாளாக அப்படித்தான்.

நல்லா இருக்கிற ஆள் பக்கத்திலேயே நின்றார். தம்பி ஆவுடையப்பன். அண்ணனைப் பைக்கில் வைத்துக் கூட்டிவந்தவர். சட்டையைக் கழற்றச் சொன்னதும் வெட்கப்பட்டுச் சிரித்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

சித்திரை வெயில். யாருக்குத்தான் வேர்க்காது?

"எங்கய்யாவும் இந்த வாய்வுலதாம்மா போனாரு," என்றார், படுத்தபடி. சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தார்.

காகிதம் வந்தது.

அதே தூக்கல். அண்ணனுக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. கெட்டது மெஷின்தான். நல்லவேளை! மனுஷனைப் பயமுறுத்தி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஊரையே கூட்டியிருப்போம்.

"நாந்தான் சொன்னம்லா," என்று கோமதிநாயகம் செருப்பைத் தேடினார்.

எதற்கும் டவுனுக்குப் போய் இன்னொரு தடவை எடுத்துவிடச் சொன்னாள். தம்பி தலையாட்டினார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார் அண்ணன். வேண்டாம், நேரே போங்கள் என்று அவள்தான் விரட்டினாள்.

ஆவுடையப்பன் இடது தோளைப் பிசைந்துகொண்டே வண்டியை உதைத்தார். முதல் உதையில் கிளம்பவில்லை. நின்று மூச்சு வாங்கினார். அப்புறம் உதைத்ததில் கிளம்பியது. அண்ணன் பின்னால் ஏறி, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

எஸ்தருக்கு மெஷினை மூட மனம் வரவில்லை. ரிப்பேர்காரனைப் பிடித்து நாலு கேள்வி கேட்கத் தன் காகிதமும் ஒன்று கையில் இருக்கட்டும் என்று அவளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஒயர்களை டாக்டரையே மாட்டச் சொன்னாள்.

கோடு ஏறியது. இறங்கியது.

பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிற படம் மாதிரி வந்தது.

டாக்டர் இன்னொரு தடவை எடுத்தாள். அப்போதும் சுத்தமாக வந்தது. மெஷினில் ஒரு குறையும் இல்லை.

எஸ்தர் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டாக்டர் வாசலுக்கு ஓடினாள். ரோட்டில் ஈ, காக்கை இல்லை. கடவுளே, இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றி நானே அனுப்பிவைத்தேனே.

ஓ.பி. சீட்டில் தம்பியின் நம்பர் இருந்தது. அவசரத்தில் தப்பாக அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

எடுங்க. வண்டிய ஓரமா நிறுத்திட்டு எடுங்கண்ணே.

எடுத்தார்கள்.

ஹலோ, ஹலோ என்றாள். அந்தப் பக்கம் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. யாரோ தண்ணீர் கேட்டுக் கத்தினார்கள்.

பேசியது ஆவுடையப்பன் இல்லை.

"இந்த போன் வச்சிருந்தவரு ஒங்களுக்கு என்ன வேணும்மா?"