மெல்ட் படுத்த இடம்

மென்னாவின் ஏழு ஆட்டுக்குட்டிகளைத் தின்ற நரி, குன்றுச் சரிவில் இருந்த அந்தப் பொந்துக்குள்தான் இருந்தது. அதை விரட்ட டெரியர் நாய் பிப் உள்ளே இறங்கியிருந்தது. வெளியே பாயும் நரியைப் பிடிக்க வேண்டிய நெட்டைக்கால் லர்ச்சர் வேட்டைநாய் மெல்ட்டோ, இருபதடி தள்ளிப் போய், மோவாயைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டது.

"ஹூவல் அண்ணன் வளர்த்த நாயாக்கா இது? வாசல் இங்க இருக்கு, தொரை அங்க தூங்குறாரு!" என்றான் பக்கத்துப் பண்ணை இத்வால். "டேய் மெல்ட்! வாடா இங்க!"

மெல்ட் திரும்பவில்லை.

"விடு இத்வால், அவன் வேலை பாக்குறான்" என்றாள் மென்னா.

"இன்னிக்கு நரி தப்பிச்சா மிச்சக் குட்டிகளும் போச்சுக்கா!"

மெல்ட் சட்டென்று எழுந்தது. அதன் முன்னால், முட்புதர் மறைத்திருந்த இன்னொரு துளையிலிருந்து நரி பாய்ந்தது. பத்தடிகூட ஓடவில்லை, மெல்ட்டின் வாயில் இருந்தது.

இத்வால் தொப்பியைக் கழற்றினான். "உள்ள ஓடுற சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிருச்சே! என்ன காதுக்கா இதுக்கு!"

"பொறந்ததுலேருந்தே அவனுக்குக் காது கேக்காது" என்றாள் மென்னா. "செவிட்டு நாய்னு தெரிஞ்சா சுடச் சொல்வீங்கன்னு, எங்க வீட்டுக்காரரு சாகுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல."

இத்வால் மெதுவாக மண்டியிட்டு, மெல்ட் படுத்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தான். மண் அதிர்ந்தது; அடியில் பிப் வந்துகொண்டிருந்தது.