பட்டியலில் இல்லாத நோய்

"பின்பக்கத்துல உங்களுக்குப் பொருத்தமான கட்டத்துல ஒரு டிக் போடுங்கம்மா. போட்டுட்டா காசு வேண்டாம்" என்று மருந்துச் சீட்டைத் திருப்பி வைத்தாள் ஐலீன்.

இங்கிலாந்தின் எல்லை ஊரான கார்லைலில் ஒரு மருந்துக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஸ்காட்லாந்துக்காரி. அங்கே மருந்துக்கு யாரிடமும் காசு வாங்கிப் பழக்கமில்லை. இங்கிலாந்துக்கு வந்து காசு கேட்கும்போதெல்லாம் கைமாற்று கேட்பது போல அவளுக்கு நாக்கு கூசியது.

எதிரே நின்ற பிலிப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே நுரையீரலில் பசை மாதிரி சளி கட்டும் நோய். மாதம் ஆறு மருந்து. ஒன்றை விட்டாலும் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். சீட்டைப் பார்க்காமலே அவள் கட்டங்களை ஒப்பித்தாள்.

"பதினாறு வயசுக்குக் கீழயா? இல்ல. அறுபதுக்கு மேலயா? இன்னும் இல்ல. மாசமா இருக்கேனா? இந்த வயசுல வேண்டாம். சர்க்கரை? இல்ல. தைராய்டு? அதுக்கும் கொடுத்து வைக்கல."

"தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இருமல் மருந்துகூட ஓசி" என்றார் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவர். மடியில் மருந்துப் பை. "என்னைப் பாரு, எண்பத்து நாலு வயசு. கால் நகத்துக்குப் பூசற களிம்புக்குக்கூட ஒரு காசு தரல."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் பிலிப்பா.

ஐலீன் பட்டியலை இரண்டு தடவை விரலால் தடவிப் படித்தாள். "பிறவி நோய். ஆயுசு பூரா மருந்து. இது எப்படி இதுல இல்லாம போச்சு?"

"பட்டியல் போட்டது அறுபத்தெட்டுல" என்றார் கிழவர், பஸ் நேரம் சொல்வது போல. "அப்போ இந்த நோயோட பொறந்ததுங்க பதினாறைத் தாண்டும்னு யாரும் நினைக்கல. பதினாறு வரைக்கும் எப்படியும் இலவசம். அப்புறம் யாருக்காக எழுதறது?"



"அவங்க நினைச்சபடி நான் சாகல. அதுக்கு அபராதம் கட்டறேன்" என்றாள் பிலிப்பா. "வருஷம் பூரா மருந்துக்கு மொத்தமா முன்பணம் கட்டற சீட்டு நேத்தோட முடிஞ்சுது. புதுசு போடுங்க."

"நூத்துப் பதினாலு பவுண்ட் ஐம்பது பென்ஸ்" என்று முனகினாள் ஐலீன். அடுத்த நொடி அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்த நோயை விட்டுட்டு எழுதின புண்ணியவான் மட்டும் என் கையில கிடைச்சா, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்."

கிழவர் எழுந்து வந்து கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"கேளும்மா. நான்தான்."

"நீங்களா?"

"அப்போ லண்டன்ல சுகாதார இலாகாவுல குமாஸ்தா உத்தியோகம். வரைவுல இந்த நோய் பேரும் இருந்தது. 'இதுங்க எங்கே வளரப் போகுது, அடிச்சுடு'ன்னார் பெரிய டாக்டர். பேனா என் கையில இருந்தது. ஒரு கோடு போட்டேன்."

பர்ஸைத் திறந்து நோட்டுகளை எண்ணி வைத்தார். "பத்து வருஷத்துக்கு மொத்தமா கட்டினா தள்ளுபடி உண்டா?"

"இல்லீங்க. ஒரு வருஷத்துக்குத்தான் தருவாங்க."

"பரவாயில்ல. அடுத்த வருஷமும் இதே தேதிக்கு வந்து கட்டறேன்."

பிலிப்பா மருந்துப் பையை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், வாங்க அப்பா. கேக்ல நாப்பத்தாறு மெழுகுவத்தியையும் ஏத்தி வச்சுட்டு அம்மா காத்துக்கிட்டிருப்பா. அத்தனையும் நான்தான் ஊதி அணைக்கணும்."