தோள்மேல் ஒரு கை

2001 நவம்பர் 7. ஆம்பூரில் விடியலிலிருந்து தூறல். தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் இறந்துபோன காசியின் மனைவி அமிர்தவள்ளிக்கு, அதற்கு ஈடாக அலுவலகத்தில் கணினி வேலை தந்திருந்தார்கள். இணையப் பக்கத்துக்கான தொழிலாளர் படத்திலிருந்து அவனை அழிக்கச் சொன்னார் மேலாளர்.

“தோல் வாங்குற வெளிநாட்டு பையர் கேள்வி கேப்பான்மா. வேலை வேணும்ல?”

பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். அருகில் நின்றவனின் தோளில் காசியின் கை மட்டும் மிஞ்சியது. அதையும் அழித்துப் படத்தை ஏற்றினாள். பக்கத்தைத் திறந்தபோது, படத்தின் மறுகோடியில் நின்ற மேலாளரின் தோள்மேல் அந்தக் கை இருந்தது.

“இன்னாம்மா விளையாட்டு? எடு அத.”

“எத்தினி தபா எடுக்கிறது சார்? நீங்களே எடுத்துப் பாருங்க.”

அவர் திரையை நோக்கிக் குனிந்தார். அவர் சட்டைத் தோளில் ஐந்து விரல்களாகத் தொட்டி நீர் ஊறிக்கொண்டிருந்தது. அமிர்தவள்ளி கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். மாலை மணி ஐந்து பத்து.