பெக்மன் பாலம்

"பாலத்துல இருக்கிற அந்தப் பேரைப் பேத்து எடுங்க! தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். வயிறு எரியுது!"

கார்ல் விட்மர் மைக்கையே கடித்துவிடுவான் போலக் கத்தினான். மாவட்ட மன்றக் கூடம் முழுக்கக் கைதட்டல்.

மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள் நோரீன். அந்தப் பேர் அவள் அப்பாவுடையது. லாயிட் பெக்மன், முன்னாள் கவர்னர். மனுஷன் கண்ணை மூடட்டும் என்று காத்திருந்தாற்போல, இரண்டே மாசத்தில் மனுப் போட்டுவிட்டார்கள்.

பாலம் கட்டினார், ஆஸ்பத்திரி திறந்தார். யாருக்கு ஞாபகம் இருக்கிறது? பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்த டென்னி விட்மரைச் சுட்டுக் கொன்றவனின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தாரே, அந்த ஒரு கையெழுத்துதான் நின்றது. ஏன் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. அடுத்த கவர்னர் தேர்தலில் மண்ணைக் கவ்வினார். அதற்கப்புறம் முப்பத்திரண்டு வருஷம், இந்த ஊரில் தலை குனிந்தே நடந்தார் பாவம்.

"என் தம்பி மண்ணுக்குள்ள. அவனைக் கொன்னவன் ஜெயில்ல மூணு வேளையும் சாப்பிடறான். கவர்னர் எவ்வளவு வாங்கினாரோ!" என்றான் கார்ல்.

நோரீன் விருட்டென்று எழுந்தாள்.

"அடுத்தது நான்."

ஆளுக்கு மூன்று நிமிஷம். இன்றைக்கு எல்லார் வாயையும் அடைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தவள் அவள்.

மைக்கைப் பிடித்தபோதுதான் முன்வரிசையைப் பார்த்தாள். டென்னியின் அம்மா அடெல். எண்பத்தெட்டு வயசு, சக்கர நாற்காலி. உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. கிழவி நிமிரவே இல்லை.

"பேசுங்கம்மா, நேரம் போகுது," என்றார் மன்றத் தலைவர்.

இரண்டு நிமிஷம் ஓடிவிட்டது.

"எங்கப்பா பேருக்கு ஆசைப்பட்டவர் இல்ல. எடுத்துடுங்க."

அவ்வளவுதான். வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தீங்களா! பெத்த மகளுக்கே சொல்ல ஒண்ணும் இல்ல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

உறுப்பினர்கள் ஏழு பேரும் கை தூக்கினார்கள். பேர் போயிற்று.

வெளியே தூறல். கார்ல் வண்டியை எடுக்கப் போயிருந்தான். நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்த அடெல், நோரீனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, அப்ப உங்கப்பாவுக்கு நான் ஒரு லெட்டர் எழுதினேன். அந்தப் பையனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே, உயிரை எடுக்காதீங்கய்யா, நான் கேட்டேன்னு மட்டும் வெளியே சொல்லிடாதீங்கன்னு. அது எங்கயாவது கெடக்கா? கார்லுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்கமாட்டான்!"

"அப்படி எதையும் அப்பா வெச்சுட்டுப் போகலைம்மா. பயப்படாதீங்க."

"அப்பாடா! கர்த்தர் காப்பாத்தினார்," என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள் அடெல்.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் நோரீனுக்கு அழுகை பீறிட்டது. மைக் முன்னால் படித்துக் காட்டவென்று அவள் எடுத்து வந்திருந்த அந்த லெட்டர், மடியிலிருந்த கைப்பைக்குள்தான் இருந்தது.