ஒன்பது நாள் விலாசம்

“வீட்டை விட்டே போறவங்க, ஆஸ்துமா மருந்தை விட்டுட்டா போவாங்க?”

டாலியா சக்கர நாற்காலியின் கைப்பிடியில் உரிந்திருந்த ரப்பரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்ட ஹோல்காம், காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல். அவசரமே இல்லாதவர் போலக் காத்திருந்தார்.

“மறந்துட்டேன்,” என்றாள் கடைசியில்.

“போன் சார்ஜர், மூக்குக் கண்ணாடி, எல்லாமே மறந்துட்டீங்களாம்மா?”

“ஆமா.”

வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் முன் வக்கீல் அலுவலகத்தில் நடக்கும் சாட்சி விசாரணை இது; மூலையில் ஒரு பெண் ஒவ்வொரு சொல்லையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் டாலியாவின் அப்பா ரமிரோவும் அம்மா நெல்டாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வழக்குப் போட்டிருப்பது அவர்கள் மேல்தான்.

போன ஜூன் மாதம், அமெரிக்காவின் டூசான் நகரில் அவர்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் நீச்சல் குளத்தில், குதிக்கும் பலகை அவள் காலடியில் முறிந்தது. குளத்தின் விளிம்பில் முதுகு அடித்தது. அதன் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டால்தான் வீட்டுக் காப்பீட்டிலிருந்து பணம் வரும். வீட்டுக்காரர் பெற்ற அப்பாவாக இருந்தாலும் வேறு வழியில்லை. ஆனால் அதே வீட்டில் குடியிருக்கும் பிள்ளைக்கு ஒரு காசும் கிடையாது.

விபத்துக்கு ஒன்பது நாள் முன்புதான் டாலியா வீட்டை விட்டுத் தோழியின் அறைக்குப் போயிருந்தாள். ஒன்பதாவது நாள், அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ‘வெயில் கொளுத்துது, வந்து ஒரு முங்கு போட்டுட்டுப் போ’ என்று அம்மா கூப்பிட்டதால் வந்தாள். அவள் ஒரேயடியாக வெளியேறியவளா, கோபித்துக்கொண்டு சில நாள் வெளியே தங்கியவளா? இதுதான் வழக்கு.

ஒரு வருடம் விடாமல் பயிற்சி கொடுத்தால் ஊன்றுகோலோடு நடக்க வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காப்பீட்டுப் பணம் வராவிட்டால் அந்தப் பயிற்சியும் இல்லை.

“அம்மா தினமும் உங்களுக்குன்னு சாப்பாடு எடுத்து வச்சாங்க. தெரியுமா?” என்றார் ஹோல்காம்.

“தெரியும்.”

“அப்ப, திரும்பி வர்றதாத்தானே இருந்தீங்க?”

டாலியா அம்மாவைப் பார்த்தாள். “தெரியல,” என்றாள்.

இடைவேளையில் அவளுடைய வக்கீல் கீட்டிங் அம்மாள் நாற்காலியை நடைபாதைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, பக்கத்தில் குனிந்தார்.

“தெரியலைன்னா கேஸ் போச்சு, டாலியா. ஏன் கிளம்பினே? என்ன நடந்தது?”

“ஒண்ணும் நடக்கல. போகணும்னு தோணுச்சு, போனேன்.”

“இதை வச்சு நான் என்ன பண்ணுவேன் சொல்லு!” கீட்டிங் கையை விரித்துவிட்டு உள்ளே போனார்.

நெல்டா காகிதத்தில் சுற்றிய பரீட்டோ ரொட்டிச் சுருளைக் கொண்டுவந்து மகள் மடியில் வைத்தாள். “சாப்பிடு. பீன்ஸ் மட்டும்தான் வச்சிருக்கேன். மிளகாய் வச்சா அதுக்கும் ஒரு கேஸ் போடுவே.”

டாலியா சிரித்தாள். நெல்டா சிரிக்கவில்லை.

“வேலை முடிஞ்சு வந்து பாக்கறேன், பொண்ணைக் காணோம். ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைக்கக்கூட மனசு வரல உனக்கு. பத்து மாசமா உன்னைத் தூக்கிக் குளிப்பாட்டறேன், இன்னும் ஏன் போனேன்னு சொல்ல வாய் வரல.”

“அம்மா, ஆரம்பிக்காத.”

“நானா ஆரம்பிச்சேன்? நீ போகாம இருந்திருந்தா, அன்னிக்கு நான் ஏன் உன்னைக் கூப்பிடப்போறேன்? அப்படி என்னடி குறை வச்சேன் உனக்கு?”

டாலியா காகிதத்தைப் பிரிப்பதில் முனைந்தாள்.

சன்னலோரம் தனியாக நின்றிருந்தார் ரமிரோ. விபத்துக்குப் பிறகு அவர் மகளிடம் முழுதாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. மிச்சமிருந்த பலகையை அறுத்து எறிந்தார். குளத்தை மண் போட்டு மூடினார். அவ்வளவுதான்.

அடுத்தது அவர் முறை. வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். ஹோல்காம் சிநேகமாகச் சிரித்தார்.

“சீக்கிரம் முடிச்சிடறேன் சார். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க. சின்னது மாசத்துக்கு ஒரு தடவை வீட்டை விட்டுப் போகுது, பசிச்சா வந்துடுது. உங்க பொண்ணும் வந்துடுவான்னுதானே நீங்க இருந்தீங்க?”

ரமிரோ தலையைக் குனிந்துகொண்டார்.

நெல்டாவுக்குப் பொறுக்கவில்லை. “சொல்லேன் ரமிரோ. அவளாப் போனா, அவளா வருவான்னு நீதானே எனக்குத் தினமும் சொன்னே?”

“உங்க முறையும் வரும்மா,” என்றார் ஹோல்காம், சந்தோஷத்தை மறைக்காமல்.

கீட்டிங் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

ரமிரோ தலையைத் தூக்கினார். பத்து மாதத்தில் முதல் தடவையாக மகளை நேராகப் பார்த்தார். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

“வேண்டாம்ப்பா,” என்றாள்.

“காலேஜை விட்டுட்டேன்னு வந்து சொன்னா,” என்றார் ரமிரோ. “நான்தான் கையைப் பிடிச்சு இழுத்து வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினேன். இனிமே இது உன் வீடில்லைன்னு சொன்னேன்.”

ஹோல்காமின் சிரிப்பு மறைந்தது; மூலையில் தட்டச்சுச் சத்தம் தொடர்ந்தது.

நெல்டா எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். கணவனையும் பார்க்காமல், மகளையும் பார்க்காமல் வெளியே போனாள்.