கால் படாத கோயில்

"ரெண்டு நாள்ல ஏழு கோயில் பாக்கோணுங்க அக்கா. கூட வர்றீங்களா?"

ராயபுரத்து வீட்டில் பையை இறக்கி வைத்த கையோடு சாரா இப்படிக் கேட்டாள். கரோலினுக்கு அப்போதே வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

சாரா, கரோலினுடைய கொழுந்தன் நோயலின் மனைவி. கோயம்புத்தூர்க்காரி. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் சென்னைக்கு வருவது இதுதான் முதல் தடவை. சனிக்கிழமை காலையில் வந்தாள், ஞாயிறு மதியம் ரயில்.

பீச், மால், மெட்ரோ என்று கரோலினின் கணவன் ஜெரி ஆசை காட்டிப் பார்த்தான். அதெல்லாம் வேண்டாம், சர்ச்சுகள் போதும் என்றுவிட்டாள்.

காரணம் கரோலினுக்குப் புரியாமல் இல்லை. ஒரு கோயிலில் முதன்முதலாகக் கால் வைக்கும்போது கேட்பது கிடைக்கும். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. கேட்டதை மட்டும் வாய்விட்டு யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது.

ஏழு புதுக் கோயில் என்றால் ஏழு வரம். இவளுக்கு இன்னும் என்ன குறைச்சல்? சொந்த ஃப்ளாட், கார், இங்கிலீஷ் பேசுகிற பிள்ளை. கொடுத்து வைத்த மகராசி, மிச்சத்தையும் வாரிக்கொண்டு போக வந்திருக்கிறாள்.

கரோலினுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஜெரி ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். மூன்று மாதம் முன்பு இரும்புச் சங்கிலி அடித்து வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. திங்கட்கிழமை மெடிக்கல். விரல் ஐந்தும் ஒழுங்காக மடங்கினால் மறுபடி கிரேன். இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

ஆனால் கேட்பதற்கு அவளுக்குப் புதுக் கோயில் ஏது? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். எல்லாவற்றிலும் சின்ன வயதிலேயே கால் வைத்துத் தொலைத்தாயிற்று. பெசன்ட் நகரில் பலூன் கேட்டாள். பெரம்பூரில் கொலுசு. சாந்தோமில் கணக்குப் பரீட்சையில் பாஸ். மூன்றுமே கிடைத்தன என்பதுதான் இப்போது அவளுடைய ஆற்றாமை. நோயலிடம்கூட ஒரு நாள் போனில் இதைச் சொல்லி அழுதிருக்கிறாள்.

வழி காட்டக் கூடப் போனாள். ராயபுரத்தில் சாரா நெடுநேரம் கண்ணை மூடி நின்றாள். பிறகு கைப்பையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் காணிக்கைப் பெட்டிக்குள் போட்டாள். பெரம்பூரிலும் அதே போல. கரோலின் எட்டிப் பார்த்தபோது துப்பட்டாவால் மறைத்துக்கொண்டாள்.

"இன்னா கேட்ட?"

"சொல்லக் கூடாதுங்களே அக்கா" என்று சிரித்தாள் சாரா.

அந்தச் சிரிப்பில் கரோலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாந்தோமில் சாராவுக்குப் பின்னால் மண்டி போட்டவள், முணுமுணுவென்று வேண்டினாள்.

"ஆண்டவரே, எனக்குன்னு நான் ஒண்ணியும் கேக்கல. இவ இன்னா கேட்டாலும் குடுத்துடாத. இருக்கறவளுக்கே வாரி வாரிக் குடுத்தா நாங்கல்லாம் எங்க போறது?"

சொன்ன பிறகு மனசு கொஞ்சம் லேசானது. லஸ்ஸிலும் அதையே வேண்டினாள். மறுநாள் பரங்கிமலையில் அத்தனை படியையும் மூச்சிரைக்க ஏறிப் போய் வேண்டினாள். பெசன்ட் நகரில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், மாதாவின் முகத்தை நேராகப் பார்த்தே வேண்டினாள்.

அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஏழாவதாக பாரீஸ் அந்தோணியார் கோயில் பாக்கி. போக முடியவில்லை. ஒன்றாவது தப்பியதே என்று கரோலினுக்குத் திருப்தி. வீட்டுக்கு வந்து அவசர அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள் சாரா. ஜெரி இடது கையால் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டு வந்தான்.

ஒரு மணி நேரம் கழித்து ரயிலிலிருந்து போன் வந்தது.

"அக்கா, தலகாணிக்கு அடியில ஒரு பொட்டலத்த மறந்து வெச்சுட்டு வந்துட்டனுங்க. ஏழாவது கோயிலுக்கு வாங்குனது. நீங்க எந்தக் கோயில்லயாச்சும் போட்டுருங்க."

"இன்னா கீது அதுல?"

"நான் வாயத் தொறந்து சொல்லக் கூடாதுங்க. பிரிச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரியும். கேக்கறதுக்குப் புதுக் கோயிலே இல்லைன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட அழுதீங்களாமா. எனக்கு இந்த ஊருல எல்லாமே புதுசுதானுங்களே அக்கா."

கரோலின் தலையணையைத் தூக்கிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

உள்ளே விரல் நீளத்தில் ஒரு வெள்ளைத் தகடு. உடம்பில் எந்த இடம் சுகமாக வேண்டுமோ, அந்த உறுப்பின் உருவத்தைக் காணிக்கையாகப் போடுவார்களே, அது. வலது கை. மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

ஜெரி ஜன்னலோரம் உட்கார்ந்து, டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை வலது கையால் அழுத்திப் பழகிக்கொண்டிருந்தான். சுண்டுவிரல் இன்னும் மடங்கவில்லை.

"இன்னா கரோலு, பேயறஞ்ச மாறி நின்னுகினு கீற?"

கரோலின் தகட்டை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"ஏங்க, நாளைக்கு விடியறதுக்குள்ள போய்ட்டு வர்ற மாறி, நான் இதுவரைக்கும் காலே வெக்காத கோயிலு ஒண்ணாவது கீதா இந்த ஊர்ல?"